செட்டிகுளம் மலைப்படியில் நான் போட்ட சண்டை

எதிரே வந்தது ஒரே ஒரு லாரி. என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு.

சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் பஸ் ஓட்டி வருகிறேன். நின்றுகொண்டு வருகிறவர்களையும் சேர்த்தால் ஐம்பது பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். சிமெண்ட் ஆலையிலிருந்து திரும்புகிற லாரி எதிரே வந்தது. எனக்கு அது ஒட்டி ஒட்டி வருகிற இரண்டு லாரியாகத் தெரிந்தது. எதை நம்பி எந்தப் பக்கம் ஒதுங்குவது? யோசிக்க நேரமில்லை. பிரேக்கை மிதித்து இடது பக்கம் மண்ணில் இறக்கினேன். புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் தயிர்க் கேன் மட்டும் கவிழ்ந்தது. கண்டக்டர் பாலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?"

நாக்கு வறண்டு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், "பட்டப்பகல்ல குடிச்சிட்டு ஓட்டுறான் பாரு."

அன்பர்களே, என் பெயர் தங்கராசு. குன்னத்துக்குப் பக்கத்து ஊர். பத்தொன்பது வருடமாகத் தனியார் பஸ் டிரைவர். அதுவரை என் வண்டி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தொட்டதில்லை. நான் சாராயம் குடித்ததும் இல்லை. குடித்ததெல்லாம் டீதான். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் ஒரு டீ, சக்கரை தூக்கலாக. கூடவே போண்டாவோ வடையோ. ராத்திரி வண்டியை விட்டதும் பரோட்டா. நாலு வருடத்துக்கு முன்பே எனக்குச் சக்கரை இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவேன். அந்தச் சித்திரைக்கு முன்னால் இரண்டு மாதமாகவே தாகம் அடங்கவில்லை. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஓடி ஓடி ஒன்றுக்குப் போனேன். சாயங்காலத்தில் ரோடு பனி மூடியது போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

கடைசியில் அதுதான் நடந்தது. முதலாளி அன்றைக்கே ரத்தம் கொடுத்துச் சக்கரை பார்க்கச் சொன்னார். நானூற்று முப்பத்தெட்டு. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கோபப்படக்கூட இல்லை.

"சாவிய வச்சிட்டுப் போ தங்கராசு. ஸ்டாண்டுல நின்னு ஆள் ஏத்தி வுடுற வேலை வேணும்னா தரேன். ஒன்ன நம்பி அம்பது பேர் ஒக்காந்திருக்காங்கல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வளர்மதி வெங்காயம் அரிகிற வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை. என் அம்மாதான் அழுதார்கள். "அப்பனுக்கு வந்த கதிதான் மவனுக்கும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். என் அப்பாவுக்கும் சக்கரைதான். முதலில் கால் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். மூன்று வருடம் கட்டிலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பரம்பரை, தலையெழுத்து, இரத்தத்தில் வந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. எல்லோருமாகச் சேர்ந்து என்னையும் அந்தக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

அப்போது பார்த்து என் மச்சான் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். கையில் ஒரு டப்பா, அதில் ஏதோ ஒரு பொடி. "மாத்திரைய மொதல்ல தூக்கிப் போடுங்க. அதுதான் ஒங்க ஒடம்பைக் கெடுக்குது. ஒரு மண்டலம் இதச் சாப்பிடுங்க, அப்புறம் லட்டு தின்னாலும் ஏறாது" என்றான் அந்த ஆள். வளர்மதி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. லட்டு தின்னலாம் என்று சொன்னானே, அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஒன்பது நாள் மாத்திரையை நிறுத்தினேன். பத்தாம் நாள் வாந்தி. மூச்சு இரைத்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நாலு நாள் கையில் ஊசியோடு கிடந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி தெரியவில்லை. இனி எதற்கு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். சாமியும் கும்பிடவில்லை. கும்பிட வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை வளர்மதி புடவையைக் கட்டிக்கொண்டு, "செட்டிகுளம் போயிட்டு வரலாம், கெளம்புங்க" என்றாள். அவள் பிறந்த வீட்டுக்குக் குலதெய்வம் போல அந்த மலை முருகன். நான் போனேன். பக்தியால் போனேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கேட்க வேண்டியது இருந்தது.

பஸ் டிரைவருக்கு நடை என்றால் என்ன என்று தெரியாது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்போம். முப்பது, நாற்பது படி ஏறியிருப்பேன். மூச்சு வாங்கியது. தொடை வெடவெடத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஏறிப் போகிறார்கள். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவமானமாக இருந்தது. அந்த அவமானம்தான் கோபமாக மாறியது.

அந்த மலையில் முருகன் கையில் கரும்போடு நிற்கிறார். போனவர்களுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்தபடியே வாய் விட்டுக் கேட்டேன்.

"ஒன் கையில கரும்பு. என் ஒடம்பு பூரா சக்கரை. ரெண்டு பேர்ல ஒனக்கு மட்டும் கோயில், எனக்குக் கட்டிலா? நான் ஒன்கிட்ட மொட்டை போடுறேன், காவடி எடுக்குறேன்னு வேண்டிக்க மாட்டேன். அதெல்லாம் எங்கப்பாவும் வேண்டிக்கிட்டாரு. என் கண்ணக் குடு. என் ஸ்டியரிங்கக் குடு. வழி என்னன்னு காட்டு, மீதிய நான் பாத்துக்கறேன். என் கால்ல ஏறி வந்து, என் கண்ணால ஒன் முகத்தத் தெளிவாப் பாக்குற வரைக்கும் நான் ஒன் சந்நிதிக்கு வர்றதா இல்ல."

வளர்மதி என் வாயைப் பொத்த வந்தாள். நான் எழுந்து கீழே இறங்க ஆரம்பித்துவிட்டேன். தரிசனம் செய்யாமல் மலையிலிருந்து இறங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கீழே வந்து பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். அடுத்த ஸ்டாப்பில் ஒரு அம்மா ஏறி வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீங்க அந்த அரியலூர் பஸ் டிரைவர்தானே? சித்திரை மாசம் புளியமரத்துகிட்ட நிறுத்துனீங்களே. நான் அன்னைக்கு மூணாவது சீட்ல இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவரும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"குடிச்சிருக்கான்னு ஒருத்தர் சொன்னாரு. எனக்குத் தெரியும், அது குடி இல்ல. ஒதடெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. சுகர்தானே? எவ்வளவு இருந்துச்சு?"

அவர் பெயர் ஸ்டெல்லா. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் வளர்மதி எல்லாக் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டாள். இறங்கும்போது அவர் சொன்னார், "திங்கக்கிழமை காலைல வெறும் வயித்துல வாங்க. பொடி டப்பா இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, நானே குப்பைல போடுறேன்."

வழி காட்டு என்று கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெபம் செய்கிற ஒரு நர்ஸம்மாவை முருகன் என் பஸ்ஸில் ஏற்றி விட்டார். இதை நான் ஸ்டெல்லா நர்ஸம்மாவிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "யாரு அனுப்புனா என்ன, ஒழுங்கா மாத்திரை போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை போனேன். சுகாதார நிலையத்து டாக்டரம்மா கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கண்ணுக்குள் மருந்து ஊற்றி, பின்பக்கத்து நரம்பைப் படம் எடுத்தார்கள். லேசாகக் கசிவு ஆரம்பித்திருக்கிறது, ஆனால் பார்வை போகவில்லை என்றார்கள். இந்த மங்கல் சக்கரை ஏறியதால் வந்தது, இறங்கினால் தெளியும், இறங்காவிட்டால் ஒருநாள் நிரந்தரமாகப் போகும் என்றார்கள். இது போதும் எனக்கு. அப்பாவுக்கு இந்த வார்த்தையை யாரும் நேரத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். நான் கேட்டேன்.

நர்ஸம்மா என் பாதத்தை நூல் மாதிரி ஒன்றால் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வளர்மதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தட்டில் பாதி காய். கால் பங்குதான் சோறு. மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. டீயில் சக்கரை கிடையாது. நாட்டுச்சக்கரை, வெல்லம் எல்லாம் அதே கணக்குதான். மாத்திரை நேரம் தவறக் கூடாது. தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்.

"வேகமான்னா எப்படிங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்துல வர்றவங்ககிட்ட பேச முடியணும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்."

மறுநாள் விடியற்காலையில் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு குன்னம் ரோட்டில் இறங்கினேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். வளர்மதியும் கூட வந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன டிரைவரே, பஸ்ஸ புடுங்கிட்டாங்கன்னு நடந்தே அரியலூர் போறீங்களா?" என்றார்கள். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன். ஒரு வாரம் கழித்து நின்றேன். "ஆமா, போறேன். நீங்க இங்கயே ஒக்காந்திருங்க, திரும்பி வரும்போது பாக்குறேன்" என்றேன். அதற்குப் பிறகு கேலி குறைந்தது.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அரிசிக்குப் பதில் கம்பு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காலையில் சொம்பு சொம்பாகக் கம்மங்கூழ் குடித்தேன். அடுத்த மாதம் சக்கரை ஏறியிருந்தது. நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்புன்னா அளவு வேணாம்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? அதுவும் தானியந்தான்" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். இன்னொரு முறை அரியலூருக்கு ஒரு வேலையாகப் போனவன், பரோட்டா வாசனைக்கு மயங்கி உள்ளே போய் நாலு தின்றுவிட்டேன். வெளியே வந்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அன்றைக்கு விட்டுவிட்டால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல ஷூவை மாட்டினேன். தினமும் கிளம்பும்போது ஒரே வேண்டுதல்தான்: "இன்னைக்கு ஒரு நாள் என்னை விட்டுடாத, நானும் ஒன்ன விட மாட்டேன்."

ஆவணியில் ஜெயங்கொண்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் முதலில் ஜிலேபி வைத்தார்கள். நான் இலையை மறைத்தேன். என் பெரியப்பா மகன், என்னைவிட மூத்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல காரியத்துல இனிப்ப வேணாங்கக் கூடாது தம்பி. ஒரு நாளு தின்னா என்ன ஆயிடும்?"

"வேணாம்ண்ணே."

"அட, ஒரு நாளுதானடா."

"ஒரு நாளு ஒரு நாளுன்னுதாண்ணே எங்கப்பாவும் தின்னாரு. அவரு கால பொதைக்கும்போது நீங்களும் கூடத்தான் நின்னீங்க."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மூத்தவரிடம் அப்படிப் பேசியது எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் பேசியதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார், "எனக்கும் கால் மதமதன்னு இருக்கு. அந்த நர்ஸு எங்க இருக்காங்க?"

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் செட்டிகுளம் போக ஆரம்பித்தேன். வெறுங்காலோடு ஏற வேண்டும் என்பதால் கல் சுடுவதற்கு முன்னால், விடிந்ததும் ஏறச் சொன்னார்கள். இறங்கியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். முதல் வாரம் பாதிக்கும் குறைவு. அடுத்த வாரம் இன்னும் பத்துப் படி. மூச்சு வாங்கினால் உட்காருவேன். மேலே பார்த்து, "இரு, வரேன்" என்பேன். எத்தனை வாரம் அப்படி இறங்கி வந்தேன் என்று தெரியாது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய். மழை பெய்து விட்டிருந்தது. உட்காராமல் ஏறிக்கொண்டே போனேன். வளர்மதி பின்னால் வந்து கொண்டிருந்தாள். மேலே போய் நின்றபோதுதான் படி முடிந்துவிட்டது என்று தெரிந்தது. சந்நிதியில் தீபாராதனை காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. கண் தெரிந்தது. கரும்பின் கணு தெரிந்தது. ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. மங்கல் இல்லை.

வீராப்பாகப் பேசியவன் நான். அங்கே தேம்பித் தேம்பி அழுதேன்.

மார்கழியில் ரத்தத்தில் சக்கரையின் மூன்று மாத சராசரி பார்த்தார்கள். பன்னிரண்டரையில் இருந்தது ஏழுக்குக் கீழே வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்தார். கண் ஆஸ்பத்திரியில் கசிவு அதிகமாகவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று தகுதிச் சான்றும் வாங்கினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். எட்டு மாதமாக, அவர் கொடுத்த அந்த வேலையில், ஸ்டாண்டில் நின்று "அரியலூர், அரியலூர்" என்று கத்தியவன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேப்பரு சரி. எனக்கு நம்பிக்கை வரணுமில்ல."

"என்ன செஞ்சா வரும்ங்க? சொல்லுங்க, செய்யறேன்."

அவர் என்னை வெளியே கூட்டிப் போய், ஸ்டாண்டின் அந்தக் கோடியில் திரும்புகிற ஒரு பஸ்ஸைக் காட்டினார். போர்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். படித்தேன். அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்த வழி ஊர்களையும் சேர்த்துப் படித்தேன். பிறகு காலி பஸ்ஸைக் கொடுத்து, தானே பக்கத்தில் உட்கார்ந்து குன்னம் வரைக்கும் போய்த் திரும்ப வைத்தார். இறங்கும்போது சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "மாசா மாசம் ரத்தம் பாத்த சீட்டு என் டேபிள்ல இருக்கணும்" என்றார். சரி என்றேன். இன்று வரை வைக்கிறேன்.

அன்பர்களே, என் சக்கரை போய்விட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. போகவில்லை. இன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, சக்கரை தாழ்ந்துவிட்டால் தின்ன பிஸ்கட் இருக்கிறது. டீ குடிக்கிறேன், சக்கரை இல்லாமல். முருகன் எனக்கு வரம் கொடுத்து நோயை எடுக்கவில்லை. எழுந்து நிற்கிற திமிரைக் கொடுத்தார். வழி காட்ட ஆள் கொடுத்தார். என் கூடவே நடந்தார். எனக்கு அது பெரிய அற்புதம். தலையெழுத்து, பரம்பரை என்று இனி யாராவது என் வீட்டில் வந்து சொன்னால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவேன் என்று வளர்மதி சொல்லியிருக்கிறாள். என் மகள் இப்போது எங்களோடு நடக்க வருகிறாள். அவளுக்கும் வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கிறோம்.

எனக்கு மீன்சுருட்டியில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கும் சக்கரை முன்னூற்றுக்கு மேல். போன மாதம் வரைக்கும் எதற்கும் அசையவில்லை. "நீ சாமியாரா ஆயிட்ட, என்னை வுட்டுடு" என்றான். நான் விடவில்லை. நர்ஸம்மாவிடம் இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வைத்து, போன செவ்வாய் மலைக்குக் கூட்டி வந்தேன். இருபத்தைந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டான். என்னையும் சேர்த்து, முருகனையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் திட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டேன். திட்டி முடித்துவிட்டு எழுந்து இன்னும் ஆறு படி ஏறினான்.

உங்களில் யாருக்காவது அந்தக் கோபம் இருந்தால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு கட்டிலில் படுக்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைக் காட்டுங்கள். மாத்திரையை யார் சொல்லியும் தூக்கிப் போடாதீர்கள். பிறகு செட்டிகுளம் வாருங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் வாருங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் டூட்டி. விடிந்ததும் அடிவாரத்தில் நிற்பேன். நீங்கள் எத்தனை படி ஏறினாலும் அத்தனை படி கூட ஏறுவேன்.